வீட்டு விரியலாக்கிகளில் முரலொலியும் புவித்தொடுப்பும்

இசையும் சொல்லும் செவிக்கு இனிமையாய் அமைவதற்கு அவற்றினிடையே நிலவும் அமைதியும் இன்றியமையாததாகும். பாடுவோர் மூச்சு வாங்குமிடத்தும், ஓதுவோர் ஒரு வசனத்தை முடித்து அடுத்ததைத் தொடங்குமுன் நிற்குமிடத்தும் உண்டாகும் அமைதியே முன்னர்க் கேட்டதை உள்ளத்திற் பதியச் செய்கின்றது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய கீழைக் கரையோர ஊர்களிலே நோன்பு மாதத்தில் கிறாஅத்தும், ஏனைய நாள்களில் நாகூர் ஈ. எம். ஹனிபா போன்றோர் பாடிய பாடல்களும் வீடுகள் பலவற்றிலும் ஒலிக்கக் கேட்கலாம். அவ்வமைதி நிலவவேண்டிய இடத்தில், வண்டு முரல்வது போன்று இடையறாத ஓரொலி ஒலிபெருக்கியினின்று எழுமாயின், கேட்போர்க்கு அது பெருந் தொல்லையாகின்றது. தொழிலறிந்தோர் இதனை ‘ஹம்’ என்பர். ‘அம்பிளிபயர்’ என மக்கள் வழங்கும் கருவியை நம் பாடநூல்கள் விரியலாக்கி என்னும். ஆதலால், விரியலாக்கியின் முரலொலி என இதனை இக்கட்டுரையில் வழங்குவோம்.

இம்முரலொலியை நீக்குதற்கு எளிய வழியெனப் பலர் கைக்கொள்வது ஒன்றுண்டு. விரியலாக்கியின் மூன்று முனைச் செருகியைத் திறந்து, அதனுள்ளே பச்சையும் மஞ்சளும் கலந்த நிறமுடைய புவிக் கம்பியைக் கழற்றிவிடுதலே அது. கழற்றியவுடன் முரலொலி பல வேளைகளில் நின்றுவிடுதலும் உண்மையே. ஆயினும், அவ்வொலியோடு கூட வீட்டாரின் உயிருக்குக் காவலாயிருந்த கம்பியும் போய்விடுகின்றது என்பதைப் பலர் எண்ணுவதில்லை. புவிக் கம்பியை அறுக்காமலே முரலொலியை நீக்க இயலும். அதற்கு வேண்டுவது முரலொலி எவ்வழியாற் புகுகின்றது என்பதை முறையாக ஆராய்ந்தறிதல். அம்முறையை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஒரு சொல்லின் மயக்கத்தைத் தெளிதல் வேண்டும். ‘ஏர்த்’ என்று நாம் பொதுவாக வழங்கும் சொல் இரு வேறு பொருள்களைச் சுட்டுகின்றது. ஒன்று காவற்புவி. கருவியின் உலோகச் சட்டகத்தை நிலத்தில் நட்ட கோலுடன் இணைத்து, உட்கம்பி பழுதுற்றுச் சட்டகத்தைத் தொடுமாயின் அம்மின்னை நிலத்துக்கு இட்டுச் செல்லும் வழி அது. மற்றையது சைகைப் பொதுமுனை. கருவியினுள்ளே ஒலிச்சைகை எந்தப் புள்ளியினின்று அளக்கப்படுகின்றதோ அப்புள்ளியே அது. மின்கலத்தால் இயங்கும் ஒரு சிறு வானொலியிலும் இப்பொதுமுனை உண்டு. ஆனால் அது நிலத்தோடு யாதொரு தொடர்பும் உடையதன்று. முரலொலி பெரும்பாலும் சைகைப் பொதுமுனையிற் பிறக்குங் குறையாகும். அதனைக் காவற்புவியிற் கைவைத்துத் திருத்த முயல்வதே கேடுகளுக்கு மூலமாகின்றது.

காவற்புவி நம் நாட்டில் எவ்வாறு அமைகின்றது என்பதை அடுத்து நோக்குவோம். இலங்கையில் வீடுகளுக்கு வழங்கப்படும் மின் 230 வோல்ற்று அளவினதான ஆடலோட்டம். செக்கனுக்கு 50 வட்டங்கள், அதாவது 50 ஹேர்ட்ஸ் மீடிறன் உடையது. சாதாரண வீட்டுக்கு வீதித் தூணினின்று வருவன உயிர்க் கம்பி, நொதுமற் கம்பி ஆகிய இரண்டே. மூன்றாவதாகிய புவிக் கம்பியை வீட்டுக்காரர் தம் வளவிலே நடும் உலோகக் கோலினின்றே பெறுதல் வேண்டும். ஆகவே, ஒவ்வொரு வீட்டின் காவலும் அவ்வீட்டு நிலத்தின் தன்மையைச் சார்ந்ததாகின்றது.

கரையோர நிலமோ மணற்பாங்கானது. ஒன்றரை மீற்றர் நீளமும் 12 மில்லிமீற்றர் விட்டமும் உடைய ஒரு கோலை, தடைத்திறன் 1000 ஓம்மீற்றராகவுள்ள உலர்ந்த மணலில் நட்டால், கணக்கின்படி அதன் புவித்தடை ஏறத்தாழ 630 ஓம் ஆகும். அதே கோல் உவர்நீர் ஊறிய, 10 ஓம்மீற்றர் தடைத்திறனுள்ள மண்ணில் நிற்குமாயின் தடை ஆறு ஓமளவிற் குறைந்துவிடும். ஒரே வளவில், வாடைக் காற்றோடு மாரி பொழியுங் காலத்தில் நன்கு தொழிற்படுங் கோல், கச்சான் வீசி மணல் காயுங் காலத்தில் வலுவிழத்தல் கூடும். கோலின் நுனி நிலத்தடி நீரை எட்டும் ஆழம்வரை இறக்கப்படல் வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

தடை 630 ஓம் ஆகவிருக்கும்போது உயிர்க் கம்பி சட்டகத்தைத் தொட்டால் நிலத்துக்குப் பாயும் ஓட்டம் 0.37 அம்பியரளவே. ஐந்து அம்பியர் உருகி இதனால் உருகாது. சட்டகம் மின்னேறியபடியே நிற்கும். இந்நிலையிற் காப்பது ‘ட்ரிப் சுவிச்’ என வழங்கும் பொசிவோட்டத் துண்டிப்பானேயாகும். வீடுகளிற் பொருத்தப்படுவது 30 மில்லியம்பியர் பொசிவிலேயே மின்னைத் துண்டிக்க வல்லது. எனினும், சட்டகத்தினின்று நிலத்துக்கு வழியிருந்தாலன்றி அப்பொசிவு பாயாது. புவிக் கம்பி அறுக்கப்பட்ட கருவியில் அவ்வழி தானே இல்லை. அப்பொழுது அதனைத் தொடும் மனிதரின் உடலே முதல் வழியாகின்றது. ஈரக்கையும் வெறுங்காலுமாக நிற்பவரின் உடற்றடை 1000 ஓம் எனக் கொண்டால், 230 மில்லியம்பியர் பாயும்; இதயத்தின் இயக்கத்தைக் குலைத்தற்கு அதனிற் குறைந்த ஓட்டமே போதுமானது. துண்டிப்பான் பழுதின்றி இருந்தால் அவர் அதிர்ச்சியோடு தப்பலாம். துண்டிப்பான் இல்லாத பழைய வீட்டில் அத்தகைய காவலும் இல்லை.

இனி, முரலொலி தோன்றும் வகைகளைக் காண்போம். மின்கலத்தில் இயங்கிய வானொலிகளில் இத்தொல்லை இல்லை. ஏனெனில் மின்கலம் தருவது நேரோட்டம். ஆடலோட்டத்தில் இயங்குங் கருவியில், அவ்வாட்டத்தின் ஒரு சிறு பகுதி ஒலிச்சைகையோடு கலந்துவிடுதலே முரலொலியாகும். அது கலக்கும் வழிகள் மூன்று. மின் வழங்கும் பகுதியின் குறைபாடு ஒன்று. காந்தப்புலத்தாலும் மின்புலத்தாலும் நிகழுந் தூண்டல் மற்றொன்று. பல கருவிகளை இணைக்கும்போது உண்டாகும் புவித்தடம் மூன்றாவது.

முதல் வகையை நோக்குவோம். நிலைமாற்றி தரும் ஆடலோட்டத்தை இருவாயிகள் ஒருதிசைப்படுத்துகின்றன. முழுவலைச் சீராக்கலில் ஒவ்வொரு வட்டத்தின் இரு பாதிகளும் பயன்படுவதால், எஞ்சும் அலைவு செக்கனுக்கு 100 தடவை எழுந்து தாழும். அதனைச் சமப்படுத்துவது பெரிய மின்பகு கொள்ளளவி. 4700 மைக்கிரோபரட்டுக் கொள்ளளவி ஒன்றினின்று ஒரு அம்பியர் ஓட்டம் பெறப்படுமாயின், எஞ்சும் அலைவு ஏறத்தாழ 2 வோல்ற்று. அக்கொள்ளளவி காலத்தால் உலர்ந்து 1000 மைக்கிரோபரட்டாகக் குறைந்தால் அலைவு 10 வோல்ற்றளவாகப் பெருகும். அத்துணை அலைவை விரியலாக்கியால் விலக்க முடியாது. அது ஒலிபெருக்கியிற் கேட்கும். வெப்பநிலை 10 பாகை உயருந்தோறும் மின்பகு கொள்ளளவியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியலார் கொள்ளும் பொது விதி. காற்றோட்டமில்லாத அலுமாரித் தட்டில் விரியலாக்கியை அடைத்து வைப்பதன் தீங்கு இதனாற் புலனாகும். பழைய வால்வு வானொலிகளில் இவ்வகையோடு பிறிதொன்றும் உண்டு. வால்வின் இழையைச் சூடாக்கும் 6.3 வோல்ற்று ஆடலோட்டம் அயலிலுள்ள நெய்யரிக் கம்பியைத் தூண்டும். இழைக் கம்பிகள் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி, சட்டகத்தின் மூலையோரமாக இட்டுச் செல்லுதல் அதற்கு மாற்றாகும்.

இரண்டாம் வகை தூண்டலால் வருவது. நிலைமாற்றியைச் சூழ்ந்து ஆடுங் காந்தப்புலம் உண்டு. இசைத்தட்டுச் சுழலியின் ஊசித்தலையும் நுணுக்குப்பன்னியும் மிகச் சிறிய சைகையையே தருவன; அவை அப்புலத்துள் இருக்குமாயின் முரலொலி பிறக்கும். கருவிகளை ஒரு மீற்றர் விலக்கினாலோ, நிலைமாற்றியை ஒருபுறந் திருப்பினாலோ ஒலி மாறுமாயின் காரணம் இதுவெனத் துணியலாம். கவசவலை அறுந்த கம்பியும், திறந்தபடி விடப்பட்ட பெய்ப்பு முனையும் மின்புலத்தை ஏற்று முரலும். அத்தகைய முனையிற் கைவிரல் பட்டவுடன் ஒலி பெருகுதல் யாவரும் அறிந்தது.

மூன்றாம் வகையே இன்று வீடுகளில் மிகுதியாகக் காணப்படுவது. தொலைக்காட்சிப் பெட்டி, கணினி, விரியலாக்கி ஆகியவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் வழக்கம் பரவியபின் இது பெருகிற்று. விரியலாக்கியும் கணினியும் தனித்தனிக் குதைகளில் மூன்று முனைச் செருகிகளாற் பொருத்தப்பட்டுள்ளன எனக் கொள்வோம். சுவரினுள்ளே அவற்றின் புவிக் கம்பிகள் இணைந்துள்ளன. ஒலிச்சைகைக் கம்பியின் கவசவலை இரு சட்டகங்களையும் மீண்டும் இணைக்கின்றது. இவ்வாறு ஒரு மூடிய வளையம் உண்டாகின்றது. இவ்வளையத்தை ஊடுருவும் காந்தப்புலமும், பிற கருவிகள் புவிக் கம்பியிற் பொசியவிடும் ஓட்டமும் அதனூடே ஒரு சிறு ஓட்டத்தைப் பாயச் செய்கின்றன. அவ்வோட்டம் 10 மில்லியம்பியர் எனவும் கவசவலையின் தடை 0.1 ஓம் எனவும் கொண்டால், கவசத்தின் இரு முனைகளுக்குமிடையே 1 மில்லிவோல்ற்று தோன்றும். சைகை 200 மில்லிவோல்ற்றாயின், முரலொலி அதனினும் 46 டெசிபெல் தாழ்ந்து நிற்கும். பகலின் ஆரவாரத்தில் அது புலப்படாது. இரவின் அமைதியில் தெளிவாகக் கேட்கும்.

இவ்விடத்தில் மற்றொரு தவறான கருத்தையும் நீக்குதல் நன்று. ‘ஏர்த் போதாது, விரியலாக்கிக்கென வேறொரு கோலை நடுவோம்’ என்பர் சிலர். கணக்கிட்டுப் பார்த்தால், முரலொலியை உண்டாக்கும் வளையம் வீட்டினுள்ளேயே முடிவுறுகின்றது. கோலின் தடை மிகினும் குறையினும் அவ்வளையத்திற் பாயும் ஓட்டம் பெரிதும் மாறுவதில்லை. வானூர்தியில் நிலத்தோடு தொடர்பின்றியே ஒலிக்கருவிகள் முரலாது இயங்குதல் இதற்குச் சான்றாகும். தனிக்கோல் நட்டு முதற்கோலோடு இணையாது விட்டால், இரு கோல்களுக்குமிடையே அழுத்த வேறுபாடு தோன்றி முரலொலி மிகுதலும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் அருகே வீழ்ந்தால் அவ்வேறுபாடு பல்லாயிரம் வோல்ற்றாகிக் கருவிகளை எரித்துவிடும். கூரையிலுள்ள அலைவாங்கிக்கு வேறு கோல் இருப்பின், அதனைத் தடித்த செப்புக் கம்பியால் வீட்டின் முதற்கோலோடு பிணைத்தல் வேண்டும்.

குறை எவ்வகையினது என்பதை அறியும் முறை வருமாறு. ஒவ்வொரு கம்பியைக் கழற்றுமுன்னும் மாட்டுமுன்னும் மின்னை நிறுத்துதல் கடமையாகும்.

முதலாவதாக, ஒலியளவுக் குமிழை முற்றாகத் தாழ்த்துக. முரலொலி மாறாது நிற்குமாயின், அது குமிழுக்குப் பின்னால் அல்லது மின் வழங்கும் பகுதியிற் பிறப்பது. குமிழோடு கூடிக் குறையுமாயின், குமிழுக்கு முன்னால், பெய்ப்புப் பக்கத்திற் புகுவது.

இரண்டாவதாக, பெய்ப்புக் கம்பிகள் யாவற்றையுங் கழற்றுக. ஒலி நிற்குமாயின் விரியலாக்கி குற்றமற்றது. குறை வெளியே உள்ளது. நில்லாவிடின் பெய்ப்பு முனையைக் குறுஞ்சுற்றாக்கும் செருகி ஒன்றை இட்டு மீண்டுங் கேட்க. அப்பொழுதும் நில்லாதாயின் குறை கருவியினுள்ளேயே உள்ளது.

மூன்றாவதாக, மின்கலத்தில் இயங்கும் கைத்தொலைபேசி ஒன்றை ஒலிமூலமாக மாட்டுக. அதனுடன் முரலொலி இல்லையாயின், கம்பியும் விரியலாக்கியும் நன்றாயுள்ளன. அக்கைத்தொலைபேசிக்கு மின்னேற்றியைப் பொருத்தியவுடன் முரலொலி தோன்றுமாயின், பொசிவோட்டமே காரணமெனத் துணியலாம்.

நான்காவதாக, ஏனைய கருவிகளை ஒவ்வொன்றாக மாட்டுக. எதனை மாட்டியபோது முரலொலி தொடங்கிற்றோ அதுவே ஆராயத்தக்கது. தொலைக்காட்சியாயின், அதன் அலைவாங்கிக் கம்பியைக் கழற்றிக் கேட்க. பல வேளைகளில் வளையம் அக்கம்பி வழியாகவே மூடுகின்றது.

செவியும் இவ்வாராய்ச்சிக்குத் துணை செய்யும். 50 ஹேர்ட்ஸ் முரலொலி ஆழ்ந்தது, மென்மையானது; தூண்டலாலும் புவித்தடத்தாலும் வருவது பெரும்பாலும் இதுவும் இதன் மடங்குகளுமே. 100 ஹேர்ட்ஸ் ஒலி அதனினும் ஒரு ஸ்தாயி உயர்ந்தது. கொள்ளளவியின் தளர்ச்சியைக் காட்டுவது. கீறுவது போன்ற கரகரப்பு இவ்விரண்டின் வேறானது. மின்விசிறியின் இலத்திரனியல் வேகக்கட்டுப்பாடு, விளக்கின் ஒளிகுறைப்பான் ஆகியவற்றை நிறுத்தியவுடன் அது நின்றால் அவையே காரணம் என்க.

காரணம் அறிந்தபின் மாற்று எளிது. உலர்ந்த கொள்ளளவியை, அதே அளவும் குறையாத வோல்ற்றளவும் உடைய புதியதால் மாற்றுதல் வேண்டும். கொள்ளளவி மின்னை நிறுத்தியபின்னும் ஏற்றத்தைத் தாங்கி நிற்பதாதலாலும், வால்வுக் கருவிகளில் அது முந்நூறு வோல்ற்றுக்கும் மேற்படலாமாதலாலும், இப்பணி பயின்றவர்க்கே உரியது. புவித்தடத்துக்கு முதல் மாற்று, ஒன்றோடொன்று இணையுங் கருவிகள் யாவற்றுக்கும் ஒரே குதைப் பலகையினின்று மின் வழங்குதல். இதனால் வளையத்தின் பரப்புச் சுருங்குகின்றது. புவிக் கம்பிகளுக்கிடையே வேறுபாடும் குன்றுகின்றது. சைகைக் கம்பிகளைக் குறுகியனவாக்கி, ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, மின் கம்பிகளுக்குச் செங்குத்தாகக் கடக்கச் செய்க. இவற்றாலும் தீராதாயின், ஒன்றுக்கு ஒன்று விகிதமுடைய ஒலி நிலைமாற்றியைச் சைகை வழியிற் பொருத்துக. அது சைகையைக் காந்தப்புலத்தாற் கடத்தி, கவசவலையின் தொடர்பை அறுத்துவிடும். வளையம் அறுபடுகின்றது, காவற்புவியோ இரு கருவிகளிலும் முழுமையாய் நிற்கின்றது. அலைவாங்கிக் கம்பிக்கும் இவ்வாறான பிரிப்பான்கள் உண்டு.

கருவி அமைப்போர் மற்றொரு வழியுங் கையாளுவர். சட்டகத்தைக் காவற்புவியோடு நேரே இணைத்து, சைகைப் பொதுமுனையை மட்டும் 10 ஓம் தடை வழியாகச் சட்டகத்தோடு சேர்ப்பர். பழுதோட்டத்தைத் தாங்கவல்ல இருவாயிகளை அத்தடைக்குச் சமாந்தரமாக இடுவர். சிறிய முரலோட்டத்தைத் தடை தணிக்கும். பெரும் பழுதோட்டத்துக்கு இருவாயிகள் வழிவிடும். கருவியினுள்ளே பொதுமுனைக் கம்பிகள் யாவும் ஒரு புள்ளியிற் கூடுதல் வேண்டும் என்னும் விதியும் இதனோடு சேர்ந்தது. ஒலிபெருக்கியின் பேரோட்டமும் பெய்ப்பின் சிற்றோட்டமும் ஒரே கம்பித் துண்டிற் செல்லுமாயின், பெரியது சிறியதை மூழ்கடித்துவிடும்.

கரையோர வாழ்வுக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. உப்புக் காற்றால் செம்பிற் களிம்பும் இரும்பில் துருவும் ஏறுதல் கடற்கரையில் வாழ்வார் நாளும் காண்பது. சைகைக் கம்பியின் செருகியிற் களிம்பு ஏறினால் கவசத் தொடர்பின் தடை ஒரு ஓமளவாக உயரலாம்; முன்னர்க் கண்ட கணக்கின்படி முரலொலி பத்து மடங்காகும். பலரும் பெருங் காரணங்களைத் தேடி அலைகையில், செருகியைக் கழற்றித் துடைத்து மீண்டுஞ் செருகியவுடன் குறை தீர்ந்துவிடுதல் இதனாலேயே. இதே களிம்பு புவிக்கோலின் பிணைப்பிலும் ஏறும். அங்கே அது ஓசை எழுப்பிக் காட்டுவதில்லை. விபத்து நேரும்வரை மறைந்தே கிடக்கும். ஆதலால் ஆண்டுக்கொருமுறையேனும், கச்சான் காலத்தின் இறுதியில், மணல் மிகக் காய்ந்திருக்கும்போது, தகுதிபெற்ற மின்தொழிலாளரைக் கொண்டு பிணைப்பைச் சோதித்துப் புவித்தடையை அளப்பித்தலும், துண்டிப்பானின் சோதனைப் பொத்தானை மாதந்தோறும் அழுத்திப் பார்த்தலும் வேண்டும்.

இரட்டைக் காவலிடப்பட்ட கருவிகள் சில இரு முனைச் செருகியோடே வருகின்றன. சதுரத்துள் சதுரம் பொறித்த குறி அவற்றின் அடையாளம். அவற்றுக்குப் புவிக் கம்பி வேண்டுவதில்லை. அவற்றின் உலோகப் பகுதியைத் தொடும்போது சில வேளை உணரப்படும் மெல்லிய விறுவிறுப்பு, உள்ளேயுள்ள சிறு கொள்ளளவி வழியே பொசியும் ஓட்டத்தால் வருவது. 2.2 நனோபரட்டுக் கொள்ளளவி வழியே 230 வோல்ற்றிற் பொசிவது 0.16 மில்லியம்பியரே, இது ஊறு செய்யாது. இக்குறியில்லாத, மூன்று முனைச் செருகியோடு அமைக்கப்பட்ட கருவியை இரு முனையினதாக மாற்றுவதோ முற்றிலும் வேறான செயல். அத்தகைய விரியலாக்கியில் பழுது நேருமாயின், சைகைக் கம்பியின் மெல்லிய கவசவலையே பழுதோட்டத்துக்கு வழியாகி உருகும். அல்லது அதனோடு இணைந்த கருவிகள் யாவற்றின் சட்டகமும் மின்னேறி நிற்கும். நுணுக்குப்பன்னியைக் கையிற் பிடித்திருப்பவரும் அப்பொழுது அவ்வழியில் ஒருவராவார்.

முரலொலி செவிக்குத் தொல்லையாயினும், மின்னோட்டம் தனக்குரியதல்லாத வழியிற் செல்வதை அறிவிப்பது. அவ்வழியைக் கண்டு அதற்கு வேறு பாதை அமைத்தலே அறிவியல் காட்டும் முறை. இம்முறைக்கு வேண்டுவன ஒரு குறுஞ்சுற்றுச் செருகி, ஒரு கைத்தொலைபேசி, ஒரு மாலைப் பொழுதின் பொறுமை ஆகியனவே. புவிக் கம்பியை அறுப்பதற்கு ஒரு நிமிடம் போதும். ஆயின் அந்நிமிடத்தின் விளைவைப் பின்னொருநாள் அவ்வீட்டுப் பிள்ளையொன்று ஈரக்கையோடு ஏற்க நேரலாம். பௌதிகவியல் பயிலும் மாணவர் தத்தம் வீட்டிலுள்ள விரியலாக்கியின் செருகியை மின்னினின்று கழற்றி, திறந்து, புவிக் கம்பி தன் முனையில் உறுதியாகப் பொருந்தியுள்ளதா என நோக்குவாராக. வகுப்பறையிற் கற்ற ஓமின் விதி வீட்டிற் பயன்படுவதற்கு இதனினுஞ் சிறந்த தொடக்கம் வேறில்லை.